சஷ்டி ஆறு நாளும் சரீரத்துள் நடப்பது

ஐப்பசி அமாவாசை கழிந்து பிரதமை பிறந்ததும் மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமங்களில் கந்தசஷ்டி விரதம் ஆரம்பமாகிவிடுகிறது. மாரிமழையின் முதற்சாரல்கள் விழுந்து, வெல்லாவெளியைச் சூழ்ந்த வயல்களிலே பெரும்போக விதைப்பு மும்முரமாக நடைபெறும் காலம் அது. பகலெல்லாம் வரம்பிலும் சேற்றிலும் நின்றவர்கள் அந்தியில் நீராடி, திருநீறணிந்து, மண்டூர்க் கந்தசுவாமி கோயில் இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்பிவிட்டு, ஓர் இளநீரோடு அன்றைய ஆகாரத்தை நிறைவுசெய்துகொள்வதை இங்கு எவரும் அதிசயமாகக் கருதுவதில்லை. அனுஷ்டிக்கும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஐந்து நாளும் ஒருபொழுது சோறுண்டு, ஆறாம் நாள் மட்டும் முழு உபவாசம் இருப்போர் உண்டு. இரவில் பாலும் பழமும் மட்டும் கொள்வோர் உண்டு. ஆறு நாளும் நீரன்றி வேறொன்றும் தொடாமல் சூரன்போர் பார்த்து, ஏழாம் நாட் காலையில் பாறணை செய்யும் உறுதிமிக்க முதியவர்களும் உண்டு.

அவர்களுடைய பக்தியின் பெருமையை எடுத்துரைக்கத் தகுந்தவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது, அந்த ஆறு நாளிலும் அவர்களுடைய சரீரம் என்ன செய்கிறது என்பதை. உண்ணாத உடலை ஓய்ந்திருக்கும் உடல் என்றே நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். அடுப்பணைந்த வீட்டில் வேலையில்லை என்ற எண்ணம் அது. உண்மை அதற்கு நேர்மாறானது. உண்ட நாளில் செய்யத் தேவையில்லாத பல கருமங்களை உடல் உண்ணாத நாளில் செய்கிறது. அவற்றை ஓர் ஒழுங்கில், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமின்றிச் செய்கிறது. அந்த ஒழுங்கை நடத்துவன நொதியங்கள். நொதியம் என்பது ஓர் இரசாயன மாற்றத்தைத் துரிதப்படுத்தும் புரதம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதற்கென்றே அமைந்த நொதியம் உண்டு. விரதத்தின்போது சில நொதியங்கள் விழித்துக்கொள்கின்றன, சில உறங்கிவிடுகின்றன, வேறு சில புதிதாக ஆக்கப்படுகின்றன.

முதலில் கையிருப்பைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பட்டினியின் உடற்றொழிலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஜார்ஜ் காஹில் போட்ட கணக்கு இது: 70 கிலோ எடையுள்ள சாதாரண மனிதர் ஒருவரிடம் ஏறத்தாழ 15 கிலோ கொழுப்பு இருக்கிறது, அதன் சக்தி 1,41,000 கிலோகலோரி, ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசனாகச் சேமித்துவைத்த மாப்பொருளோ எல்லாமாகச் சேர்ந்தும் கால் கிலோவுக்குக் குறைவு, அதன் சக்தி 1,000 கிலோகலோரியைக்கூட எட்டாது. ஆகையால் பிரதமையன்று இரவு தொடங்கி மறுநாட் காலைவரை இரத்தத்தின் சீனியைக் காத்து நிற்கும் ஈரற் கிளைக்கோசன் ஒரு நாளளவில் ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது. தசையிலுள்ள கிளைக்கோசன் தசைக்கு மட்டுமே உதவும். சீனியாக இரத்தத்துக்குத் திரும்பும் வழி அதற்கில்லை. இரண்டாம் நாளிலிருந்து சரீரம் நம்பியிருக்க வேண்டியது கொழுப்பை.

கொழுப்போ தானாக இளகி இரத்தத்தில் கலந்துவிடும் பொருளன்று. எங்கள் நவகிரிக் குளத்தில் நீர் எவ்வளவு நிறைந்து நின்றாலும், துருசைத் திறந்தாலன்றி ஒரு சொட்டும் வயலுக்கு வராது. திறக்க வேண்டிய நாளுக்கு முன் எவரும் திறந்துவிடாதபடி காவலும் உண்டு. கொழுப்புக் கலத்தின் காரியமும் அவ்வாறே. அங்கே காவல் நிற்பது இன்சுலின். சோறுண்ட பின் சதையியிலிருந்து சுரக்கும் இந்த ஓமோன் இரத்தத்தில் இருக்கும்வரை கொழுப்பின் துருசு திறவாது. உணவு நின்று இன்சுலின் தணியும்போது, நரம்பு நுனிகளிலிருந்து வரும் நோரதிரனலின் கொழுப்புக் கலத்தைத் தூண்டுகிறது; கலத்தினுள்ளே பொசுபேற்றுத் துண்டுகள் குறித்த சில புரதங்களில் பொருத்தப்படுகின்றன; கொழுப்புத் துளியைச் சுற்றிப் போர்த்தியிருந்த பெரிலிப்பின் என்னும் புரதம் விலகி இடங்கொடுக்க, அதுவரை வெளியே காத்திருந்த நொதியங்கள் துளியின்மேல் வந்து படிகின்றன. இவையெல்லாம் நிமிஷக் கணக்கில் நடந்து முடிபவை.

அந்த நொதியங்களின் வரலாறு விஞ்ஞானத்தின் இயல்பை அறிய விரும்புவோர்க்கு ஒரு நல்ல பாடம். 1960களின் தொடக்கத்தில், ஓமோன்களின் ஏவலுக்கு இணங்கிக் கொழுப்பை உடைக்கும் ஒரு நொதியத்தை ஆராய்ச்சியாளர் இனங்கண்டு, அதற்கு ஓமோன் உணர் இலிப்பேசு என்று பெயரிட்டனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக, பட்டினியில் கொழுப்பை விடுவிக்கும் பிரதான நொதியம் அதுவே என்று பாடநூல்கள் எல்லாம் எழுதிவந்தன. பின்னர் அந்த நொதியமே இல்லாத எலிகளைப் பரம்பரையலகு மாற்றத்தால் உண்டாக்கியபோது, அவை எதிர்பார்த்ததுபோல் கொழுத்துப் பெருக்கவில்லை. பட்டினியில் அவற்றின் கொழுப்பு ஓரளவு கரைந்துகொண்டே இருந்தது. கலங்களிலோ பாதி உடைந்த கொழுப்பு தேங்கி நின்றது. முதலடியை எடுத்துவைக்கும் வேறொரு நொதியம் உண்டு என்பதை அந்தத் தேக்கமே காட்டிக்கொடுத்தது. 2004ஆம் ஆண்டில் ஒஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரில் ருடோல்ஃப் செக்னர் குழுவினர் அதனைக் கண்டு, கொழுப்பிழைய முக்கிளிசரைட்டு இலிப்பேசு என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் வேறு இரு குழுவினரும் தனித்தனியே அதனை எட்டினர். ஒரு கொழுப்பு மூலக்கூற்றில் மூன்று கொழுப்பமிலங்கள் கிளிசரோலோடு பிணைந்திருக்கின்றன. புதிதாகக் கண்ட நொதியம் முதலாவதைக் கழற்றுகிறது. ஓமோன் உணர் இலிப்பேசு இரண்டாவதைக் கழற்றுகிறது. மூன்றாவதைக் கழற்ற இன்னொரு நொதியம் இருக்கிறது. எஞ்சிய கிளிசரோல் ஈரலுக்குச் சென்று சீனியாக மாறுகிறது. ஆகவே கொழுப்பின் அந்தச் சிறு பாகமும் வீணாவதில்லை.

விடுபட்ட கொழுப்பமிலங்கள் இரத்தத்தின் அல்புமின் புரதத்தோடு சேர்ந்து இதயத்துக்கும் தசைக்கும் ஈரலுக்கும் பிரயாணம் செய்கின்றன. அங்கே அவற்றை எரிக்கும் இடம் கலத்தினுள் இருக்கும் இழைமணி. நீண்ட கொழுப்பமிலச் சங்கிலி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டிரண்டு காபனாக வெட்டுண்டு குறைகிறது என்பதை, 1904ஆம் ஆண்டில் பிரான்ஸ் க்னூப் என்னும் ஜெர்மானியர், எரியாத வளையமொன்றை அடையாளமாகப் பிணைத்த கொழுப்பமிலங்களை நாய்களுக்கு ஊட்டி, அவற்றின் சிறுநீரில் வெளிவந்த மிச்சத்தைக்கொண்டே நிரூபித்தார். ஐசோடோப்பு முதலிய நவீன சாதனங்கள் எவையும் இல்லாத காலத்தில் செய்த அந்தப் பிரயோகத்தின் எளிமையும் கூர்மையும் இன்றும் வணங்கத்தக்கவை.

எனினும் கொழுப்பமிலம் இழைமணிக்குள் தாராளமாக நுழைந்துவிட முடியாது. கார்னிட்டின் என்னும் பொருளோடு அதனைப் பிணைத்து உள்ளே அனுப்பும் நொதியம் இடையே நிற்கிறது. 1977ஆம் ஆண்டில் டாலஸ் நகரில் மக்கேரியும் பொஸ்டரும் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த இடத்தின் மர்மத்தை விளக்கியது. நாம் வயிறார உண்டபின் ஈரல் மிகுதிச் சீனியைக் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது. அந்த ஆக்கத்தின் முதற்படியில் தோன்றும் மலோனைல் கோ-ஏ என்னும் சிறு பொருள், கொழுப்பை உள்ளே அனுப்பும் நொதியத்தைத் தடுத்துவிடுகிறது. கொழுப்பை ஆக்குவதும் எரிப்பதும் ஒரே கலத்தில் ஒரே வேளையில் நடந்து சக்தி விரயமாகாதபடி இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு இது. விரத காலத்தில் மலோனைல் கோ-ஏயை ஆக்கும் நொதியம் முடக்கப்பட, தடை நீங்கி, கொழுப்பமிலம் இழைமணிக்குள் பெருகிச் செல்கிறது. ஒரு பொருள் குறைந்ததனால் மட்டுமே மற்றொரு பெருந்தொழில் தொடங்கிவிடும் இந்த ஒழுங்கை அறியும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நிறைகிறது.

ஈரலில் கொழுப்பமிலம் இவ்வாறு மிகுதியாக உடையும்போது அதன் துண்டுகள் சேர்ந்து கீற்றோன்களாகின்றன. அதற்கான நொதியமும் பட்டினியில் பெருகுவதே. அவ்வாறு ஆக்கிய கீற்றோனைத் தானே எரித்துப் பயன்கொள்ளும் நொதியம் மட்டும் ஈரலில் இல்லை. ஆக்கியது அத்தனையும் பிற அங்கங்களுக்கே போகிறது. பிரதானமாக அது போய்ச் சேருமிடம் மூளை. கொழுப்பமிலத்தை எரிக்க இயலாத மூளை, சாதாரண நாட்களில் 100 கிராமுக்கு மேற்பட்ட சீனியைத் தினந்தோறும் உட்கொள்வது. கிளைக்கோசன் தீர்ந்தபின் அவ்வளவு சீனியையும் தசைப் புரதத்தை உடைத்தே ஆக்க வேண்டியிருந்தால் மனிதர் சில வாரங்களுக்குள் அழிந்துபோவார். 1967ஆம் ஆண்டில் காஹிலின் குழுவினர், ஐந்தாறு வாரம் மருத்துவமனையில் உபவாசம் இருந்த மூவருடைய மூளைக்குச் செல்லும் இரத்தத்தையும் அதிலிருந்து திரும்பும் இரத்தத்தையும் ஒப்பிட்டு, மூளையின் தேவையில் பாதிக்கு மேற்பட்ட பங்கைக் கீற்றோன்களே நிறைவேற்றுகின்றன என்று காட்டினர். சஷ்டியின் மூன்றாம் நாளளவில் அந்தப் பங்கு ஏறத்தாழ நாலிலொன்றாக இருக்கும். பின்னர் நாளுக்கு நாள் ஏறும். முழு உபவாசம் இருப்பவரின் சுவாசத்தில் நான்காம் ஐந்தாம் நாட்களில் பழம் கனிந்தாற்போன்ற ஒரு வாசனை எழுவது, கீற்றோனில் ஒரு பகுதி அசற்றோனாகிச் சுவாசத்தோடு கலப்பதனால். முதலிரு நாள் வருத்திய பசி அதற்குள் தணிந்துவிட்டதாக விரதகாரர் பலர் சொல்வதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

மற்றொரு பக்கத்தில் அடங்கிப்போகும் நொதியங்களும் உண்டு. இரத்தக் குழாயின் சுவரில் இருந்து, இரத்தத்தில் வரும் கொழுப்பை அருகிலுள்ள இழையத்துக்குள் இறக்கிவிடும் இலிப்போபுரத இலிப்பேசு, உண்ட வேளையில் கொழுப்பிழையத்தில் உயர்ந்து நின்று சேமிப்பை நடத்துவது. விரதத்தில் அங்கே தணிந்துவிடுகிறது, இதயத்திலும் தசையிலுமோ தணிவதில்லை. சேமிப்புக்குப் போக இருந்த கொழுப்பு இவ்வாறு செலவுக்குத் திருப்பப்படுகிறது. கொழுப்பமிலத்தைப் புதிதாக ஆக்கும் நொதியங்களும் ஈரலில் குறைந்துபோகின்றன. நிமிஷத்தில் நிகழும் மாற்றங்களுக்கு மேலாக, பரம்பரையலகுகளின் மட்டத்திலே மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் நிகழும் இந்த மாற்றங்களுக்குத் தலைமை தாங்கும் புரதங்களுள் ஒன்று ஈரலிலுள்ள பிபார்-அல்பா. 1999ஆம் ஆண்டில் அப்புரதம் அற்ற எலிகளைப் பட்டினி போட்டுப் பார்த்தபோது, அவை கொழுப்பை எரிக்கமாட்டாமல், ஈரல் கொழுப்பால் நிறைய, இரத்தச் சீனி வீழ்ந்து தவித்தன. கொழுப்பு இருந்தால் மட்டும் போதாது, அதைக் கையாளும் நொதியங்களும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எலிகளில் கண்ட அந்த உண்மையை மனிதக் குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுத்து அறிய நேர்ந்த துயரம் இந்தியாவில் நிகழ்ந்தது. பீகார் மாநிலத்து முசாபர்பூர், லிச்சிப் பழத் தோட்டங்களுக்குப் பெயர்போன மாவட்டம். பழம் பழுக்கும் கோடைதோறும் அங்கே ஏழைக் குழந்தைகள் அதிகாலையில் வலிப்புக் கண்டு, நினைவிழந்து, மரித்துவந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றும் பூச்சிமருந்து என்றும் பலரும் பலவாறு ஊகித்துவந்த காலத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜான், ஆய்வாளர் முகுல் தாஸோடு சேர்ந்து வேறொரு காரணத்தைச் சுட்டினார்: லிச்சியின் வித்திலும் சதையிலும் உள்ள நச்சுப் பொருள்கள் கொழுப்பமிலத்தை எரிக்கும் நொதியங்களைத் தடுத்துவிடுகின்றன என்பது அவர் கருத்து. 2014ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் இரு மருத்துவமனைகளில் 390 பேர் சேர்க்கப்பட்டு 122 பேர் இறந்தனர். அப்போது நடந்த விரிவான ஆய்வு 2017இல் வெளியாகி அக்கருத்தை உறுதிப்படுத்தியது. பகலில் தோட்டத்தில் லிச்சி தின்று, இரவில் சோறுண்ணாமல் படுத்த குழந்தைகளே பெரிதும் மாண்டார்கள். மெலிந்த குழந்தையின் ஈரலில் கிளைக்கோசன் சொற்பம். விடியுமுன் அது தீர்ந்துவிடும். அதன்பின் கைகொடுக்க வேண்டிய கொழுப்பின் வழியை நஞ்சு அடைத்துவிட்டது. இரவில் குழந்தைக்குக் கட்டாயம் உணவு கொடுங்கள் என்று ஊரூராகச் சொன்னதன்பின் நோய் குறைந்தது. பிறவியிலேயே இந்த நொதியங்களில் ஒன்று குறைந்து பிறக்கும் குழந்தைகளும் அரிதாக உண்டு. சாதாரணக் காய்ச்சலில் ஒருவேளை உண்ணாமற் போனாலே அவர்கள் உயிருக்கு ஆபத்து. சிறுவர்களை முழு உபவாசத்தில் ஈடுபடுத்தலாகாது என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான்.

எத்தனை நாள்வரை சரீரம் இவ்வாறு தாங்கும் என்ற கேள்விக்கு எங்கள் நாட்டின் அண்மைக்கால வரலாறே கனத்த விடை தந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வீதியில் நீரும் அருந்தாமல் உண்ணாநோன்பைத் தொடங்கிய திலீபன், 26ஆம் திகதி உயிர்நீத்தார். அடுத்த ஆண்டு மார்ச் 19ஆம் திகதி மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் அமர்ந்து, நீர் மட்டும் அருந்திவந்த பூபதி அம்மையார், ஏப்பிரல் 19ஆம் திகதி மறைந்தார். வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனைப் பாடிய இனம் இந்த இருவரையும் மறக்கவில்லை. அரசியல் சார்ந்த எந்த வாதத்துக்கும் அப்பால் நின்று உடற்றொழில் கூறுவது ஒன்றுண்டு: நீரை விலக்கிய உடலுக்குக் கொழுப்பின் கையிருப்பு பயன்படாது, அது கரையுமுன்பே சிறுநீரகமும் இரத்தவோட்டமும் தளர்ந்துவிடும். நீர் அருந்துவோர்க்கு எல்லையிடுவது கொழுப்பின் அளவும், அதன்பின் உடையத் தொடங்கும் புரதமும். ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் 1965இலும் 66இலுமாக 382 நாள் உணவின்றி இருந்த அங்கஸ் பார்பியரி, தொடக்கத்தில் 207 கிலோ எடையுள்ளவர். மருத்துவர்களின் கண்காணிப்பில், உயிர்ச்சத்தும் உப்புகளும் பெற்றுக்கொண்டே அவர் அவ்வாறு இருந்தார். மெலிந்த வயற்காரர் ஒருவருக்கு அக்கணக்கு எவ்விதத்திலும் பொருந்தாது.

இரவில் இளநீரோ பழமோ கொள்ளும் வழக்கத்தைக் குறைபட்ட விரதமென்று சிலர் இகழக் கேட்டிருக்கிறேன். உடலின் பக்கம் நின்று நான் அதனை ஆதரிப்பேன். கடலில் கப்பல் கவிழ்ந்து தெப்பத்தில் மிதப்போர்க்கு எந்த உணவை வைத்துக்கொடுப்பது என்று இரண்டாம் உலகயுத்த காலத்தில் ஆராய்ந்த ஜேம்ஸ் காம்பிள், நாளொன்றுக்கு 100 கிராம் சீனி கொடுத்தாலே உடலின் புரத நஷ்டம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைக் கண்டார். இளநீரிலும் பழத்திலும் உள்ள சீனி அவ்வளவு இராவிடினும் அந்தத் திசையில் உதவுவது. இளநீரின் பொற்றாசியமும் உபயோகமானது. இன்சுலின் தணிந்த முதல் சில நாட்களில் சிறுநீரகம் உப்பையும் நீரையும் மிகுதியாக வெளியேற்றிவிடுகிறது. அந்நாட்களில் குறையும் எடையில் பெரும்பகுதி அதுவே. வயலில் குனிந்து நிமிரும்போது கண் இருட்டி வருவதும் அதனால்தான். உழைப்பவர்கள் நீர் குடிப்பதை ஒருபோதும் குறைக்கலாகாது.

நீரிழிவுக்காரரின் நிலை தனியே சிந்திக்கத்தக்கது. உண்ணாதபோது தணிய வேண்டிய இன்சுலினை ஊசியோ சில மாத்திரைகளோ உயர்த்தி வைத்துவிட்டால், கொழுப்பின் வழி அடைபட்டு, ஈரலின் சீனியும் வற்றி, நினைவிழக்க நேரிடும். சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளோ கீற்றோனை அளவுக்கு மீறிப் பெருக்கி இரத்தத்தை அமிலமாக்கிவிடக்கூடும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு நோற்கும் முஸ்லிம் சகோதரர்களில் பலர், மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்வதற்காக நோன்புக்கு முன்பே வைத்தியரைக் காண்கிறார்கள். அவர்களுடைய நோன்பு பகற்பொழுதோடு முடிவது; சஷ்டியோ ஆறு நாள் நீள்வது. அப்படியிருக்க, அமாவாசைக்கு முன்பே வைத்தியரைக் காணும் அந்த வழக்கம் எங்களுக்கு அதனினும் அவசியம்.

பாறணை நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கருத்தில் ஆறு நாள் விரதத்திலும் அதிக அவதானம் வேண்டிய பொழுது அதுவே. ஏழாம் நாட் காலையில் உடலின் நொதியங்கள் யாவும் கொழுப்பை எரிப்பதற்கென்றே அமைந்து நிற்கின்றன. சீனியை எரிக்கும் வழி தசையில் அடக்கிவைக்கப்பட்டிருக்கிறது. அந்த வேளையில் சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் வயிறு நிறைய உண்டால் இரத்தச் சீனி வழக்கத்துக்கு மேலாக ஏறும், இன்சுலின் திடீரென எழும். எழுந்த இன்சுலின் இரத்தத்திலுள்ள பொசுபேற்றையும் பொற்றாசியத்தையும் கலங்களுக்குள் இழுத்துக்கொள்ள, மெலிந்தவர்க்கு இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். இரண்டாம் உலகயுத்தத்தின் முடிவில், பட்டினியில் வாடிய சிறைக்கைதிகள் பலர் மீட்கப்பட்டபின் வயிறார உண்டு மாண்டதை மருத்துவர்கள் கண்ணாரக் கண்டனர். ஐந்து நாளுக்கு மேல் ஒன்றுமே உண்ணாதவரை இந்த ஆபத்துக்குரியவராகவே இன்றைய மருத்துவம் கருதுகிறது. ஆகையால் தவிடு நீங்காத அரிசியில் காய்ச்சிய கஞ்சி ஒரு கிண்ணம் முதலில். இரண்டு மூன்று மணி கழித்துச் சிறிது மரக்கறியும் பருப்பும் சோறும். இனிப்புப் பண்டங்கள் மறுநாளைக்கு. கால் வீக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், விரதம் இருந்த நாட்களின் எண்ணிக்கையை மறவாமல் சொல்லி, வைத்தியசாலையில் காட்ட வேண்டும். உடலுக்கு ஒன்றிரண்டு நாள் அவகாசம் கொடுத்தால் மலோனைல் கோ-ஏ மீண்டும் எழுந்து கொழுப்பின் நுழைவைத் தடுக்கும், கொழுப்பிழையத்தில் இலிப்போபுரத இலிப்பேசு முன்போல் உயரும், ஈரல் தன் கிளைக்கோசனை மறுபடி நிரப்பிக்கொள்ளும்.